மஞ்சள் பூச்செடிக்கு மருந்தடிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்ததைப் படித்தேன். தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் சாலையோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் மஞ்சள் பூப் புதர்கள் மண்டிக் கிடக்கின்றன, கொசுவும் பாம்பும் பெருகுகின்றன, தீபாவளிக்குள் களைக்கொல்லி அடித்து அத்தனையையும் ஒழித்துவிட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. பிள்ளைகள் நடமாடும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் எழுதியிருக்கிறார். அந்த அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் அவர் சொன்ன வழிக்கு என்னால் உடன்பட முடியவில்லை. தங்கள் நாளிதழில் வந்த கோரிக்கையைக் காட்டி நாளைக்கே எவராவது மருந்துத் தோம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தென் செபராங் பிறையின் சுங்கை பாக்காப் வட்டாரத்தில் இருப்பவள். பிறந்தது, படித்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் தோட்டத்தில். பால்மரம் வெட்டினேன். ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட பிறகு மருந்தடிக்கும் வேலைக்குப் போனேன். இப்போது பிள்ளைகள் வாங்கிய வரிசை வீட்டில் இருக்கிறேன். வாசலுக்கு முன்னால் கால்வாய், கால்வாய்க்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஒரு பாய் அகலத்துக்கு மண். அந்த மண்ணில்தான் நான் இந்தப் பூச்செடிகளை வளர்க்கிறேன்.

அன்பரின் கடிதத்தைத் திரும்பப் படித்ததில் ஒன்று விளங்கியது. இரண்டு வேறு செடிகளை அவர் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். இரண்டுக்கும் பூ மஞ்சள், இரண்டும் வெயிலில் நிற்பவை, இரண்டும் யாரும் நடாமலே முளைப்பவை. ஆகவே குழப்பம் வருவது இயல்புதான். ஆனால் ஒன்றுக்குச் சேர வேண்டிய தண்டனை மற்றதன் தலையில் விழக்கூடாது.

கால்வாய்ச் சரிவில் பாய் விரித்ததுபோல் படர்ந்து கிடப்பது வெடேலியா. தண்டு தரையோடு ஓடும். மண்ணைத் தொடும் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். இலை மூன்று முனையாகப் பிளந்திருக்கும். பூ சிறிய சாமந்தி வகையைச் சேர்ந்தது. மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து அழகுக்காகவும் மண் அரிக்காமல் இருக்கவும் கொண்டுவந்து பல நாடுகளில் நட்டார்கள். இன்று உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. பிடுங்கிப் போட்ட துண்டுகூட ஈரம் கண்டால் பிழைத்துக்கொள்ளும். அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றால் அன்பரோடு நானும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

நான் பேசுவது நிமிர்ந்து நிற்கும் செடியைப் பற்றி. இடுப்பளவு உயரும். இலை கரும்பச்சை, விளிம்பெல்லாம் ரம்பப் பல். பூவுக்கு ஐந்து இதழ்கள், நல்ல மஞ்சள். காலையில் வெயில் ஏறும்போது விரியும், நண்பகலுக்குள் சுருங்கிவிடும். அதனால்தான் மலாய்க்காரர்கள் இதை ‘புங்கா புக்குல் லாப்பான்’, அதாவது எட்டு மணிப் பூ, என்கிறார்கள். நூல்களில் டர்னெரா என்று இருக்கும். எட்டு மணி என்பது நல்ல வெயில் நாளின் கணக்கு. மேகம் மூடிய காலையில் பூவும் தாமதமாகத்தான் கண் திறக்கும். ஒரு பூவுக்கு ஒரு காலைப் பொழுதுதான் ஆயுள். ஆனால் மறுநாள் விரிய வேண்டிய மொட்டு பக்கத்திலேயே தயாராக இருக்கும். மழை, வெயில், தைப்பூசம், தீபாவளி எதையும் பார்க்காமல் ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டே இருக்கும் செடி இது.

செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் இந்தச் செடியை மறந்திருக்க மாட்டார்கள். தோட்டப் பாதைகளின் இரு பக்கமும், நட்ட காட்டின் ஓரங்களிலும் வரிசையாக இதை வைப்பார்கள். அழகுக்காக வைக்கிறார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். தோட்டம் அழகுக்குக் கூலி கொடுக்காது. வைத்த காரணம் பைப்புழு.

செம்பனை ஓலையைச் சிறு சிறு துண்டாகக் கடித்து, அதைத் தன் எச்சில் பட்டு நூலால் ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு பை தைத்துக்கொண்டு தொங்கும் புழு அது. மலாயில் ‘உலாட் புங்குஸ்’. தலையை மட்டும் வெளியே நீட்டி இலையைச் சுரண்டும். பெண் பூச்சிக்கு இறக்கையே இல்லை. வாழ்நாள் முழுவதும் பைக்குள்ளேயே இருந்து, பைக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். குஞ்சுப் புழுக்கள் பட்டு நூலில் தொங்கி, காற்றில் ஆடி அடுத்த மரத்துக்குப் போகும். புழு விழுந்த மரத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். மட்டைகள் பழுப்பேறி, காய்ந்து, தீப்பட்டு எரிந்ததுபோல் நிற்கும். ஓலையில் பாதி போய்விட்டால் அடுத்த இரண்டாண்டுகளில் விளைச்சல் 40 விழுக்காடு அளவுக்குக் குறையும் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2013இல் இந்தப் புழுவை ஆபத்தான பூச்சியாக அரசிதழிலேயே அறிவித்தார்கள்.

இப்புழுவை மருந்தால் ஒழித்துவிடலாம் என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் இந்நாட்டுத் தோட்டங்களில் டிடிடி முதலான கடுமையான பூச்சிமருந்துகளை அடித்தார்கள். அடிக்க அடிக்கப் பைப்புழு பெருகியது. காரணம், மருந்து பைக்குள் இருக்கும் புழுவை எட்டுவதற்கு முன், வெளியே பறந்து திரியும் அதன் எதிரிகளைக் கொன்றுவிட்டது. அந்த மருந்துகளை நிறுத்தியதும் எதிரிப் பூச்சிகள் மெல்லத் திரும்பின, புழு அடங்கியது. இந்தப் பாடத்தை இந்நாட்டுச் செம்பனைத் தோட்டங்கள் பெரும் நஷ்டம் கொடுத்துப் படித்தன.

எதிரிப் பூச்சிகள் என்றால் யார்? கண்ணுக்கு எளிதில் அகப்படாத சின்னஞ்சிறு குளவிகள். பைக்குள் இருக்கும் புழுவின் உடம்பிலேயே முட்டையிடும். குஞ்சு பொரித்து உள்ளிருந்தே புழுவைத் தின்று தீர்க்கும். இன்னொன்று, நீண்ட கால்களும் ஊசிபோன்ற வாயும் கொண்ட நாவாய்ப்பூச்சி. அது புழுவைக் குத்திச் சாற்றை உறிஞ்சிவிடும். இந்தக் குளவிகள் வளர்ந்த பின் வாழ்வதற்குத் தேன் வேண்டும். செம்பனைக் காட்டுக்குள் அடி நிலத்தையும் மருந்தடித்துச் சுத்தமாக வைத்திருந்தால் அவை தேனுக்கு எங்கே போகும்? அதற்காகத்தான் பாதையோரம் இந்த மஞ்சள் பூவை நட்டார்கள். ஒரு பக்கம் எங்கள் முதுகில் மருந்துத் தோம்பு, மறுபக்கம் பூச்சிக்குச் சோறு போடும் பூ. “இதில் ஒரு துளி பட்டாலும் சம்பளத்தில் பிடிப்பேன்” என்று எங்கள் வேலைக் கண்காணியான மண்டோர் கண்டித்துச் சொல்வார். அந்த வரிசையைத் தாண்டும்போது குழாயை மூடிக்கொண்டு நடப்போம்.

இந்தச் செடியின் தேன் பூவில் மட்டும் இல்லை. வாசகர்கள் ஒரு முறை இதன் இலையைக் கீழிருந்து பிடித்து, காம்பும் இலையும் சேரும் இடத்தைப் பாருங்கள். இரு பக்கமும் இரண்டு சிறு வட்டக் கிண்ணங்கள், கடுகளவு இருக்கும். விளிம்பு சற்றுத் தடித்து, நடுவே குழிந்து, வெயில் படும்போது உள்ளே ஈரம் மின்னும். அதுவும் தேன்தான். பூ சுருங்கிய பிறகும் இந்தக் கிண்ணங்கள் சுரந்துகொண்டிருக்கும். எறும்புகள் ஓயாமல் வந்து வாய் வைத்துவிட்டுப் போவதைப் பார்க்கலாம். எறும்புக்குக் கூலி கொடுத்துச் செடி காவல் வைத்திருக்கிறது. பூவின் காம்பும் இலைக்காம்போடு ஒட்டியே வளர்வதால், இலையின் அடியிலிருந்தே பூ மலர்வதுபோல் தோன்றும். இப்படி இலையும் பூவும் எறும்பும் ஒரே இடத்தில் கூடும் செடி நம் வாசல்களில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எறும்புக்குச் செடி இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறது. காய் முற்றி மூன்றாக வெடிக்கும்போது உள்ளே இருக்கும் விதைகளில் ஒரு வெள்ளைச் சதை ஒட்டியிருக்கும். அந்தச் சதைக்காக எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும். சதையைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடும். கால்வாய்ச் சிமெண்டு வெடிப்பிலும், கடைவரிசை நடைபாதையான அஞ்சடியின் ஓரத்திலும், மதில் சுவரின் அடியிலும் இது தானாக முளைப்பதன் காரணம் இதுதான். அன்பர் “யாரும் நடாமல் மண்டுகிறது” என்று எழுதியது உண்மை. ஆனால் அந்த நாற்றுகளைக் கையாலேயே எடுத்துவிடலாம். மழை பெய்த மறுநாள் இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தால் வேரோடு வந்துவிடும். அதைத் தொட்டியில் வைத்தால் செடியும் ஆயிற்று, சுவரும் பிழைத்தது.

கொசுவுக்கும் இந்தச் செடிக்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நீரில்தான் முட்டையிடும். இந்த இலையில் நீர் தேங்காது. செடித் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும், அடைபட்ட கூரைத் தாழ்வாரத்தில் தேங்கும், வீட்டுக்குப் பின்னால் போட்ட பழைய டயரில் தேங்கும். தட்டு வைக்காதீர்கள், வைத்தே ஆக வேண்டுமென்றால் மணலை நிரப்பி வையுங்கள். பாம்பைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் நான் தள்ளிவிடவில்லை. எந்தச் செடியையும் வெட்டாமல் விட்டு அடர்த்தியாக்கினால் எலி தங்கும், எலி இருந்தால் பாம்பு வரும். அதற்கு மருந்து கத்தரிக்கோல்தான்.

வளர்க்கும் முறையைப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அன்பரும் ஒரு செடி வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வெயில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் வைத்துவிட்டுப் “பூக்கவில்லை” என்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே பதில், செடியை வெளியே தூக்கி வையுங்கள் என்பதுதான். அரை நாளாவது நேர் வெயில் பட வேண்டும். நம் வரிசை வீடுகளில் மேற்குப் பார்த்த வாசல் என்றால் பிற்பகலில் நிற்க முடியாத சூடு; ரோஜா வாடும், பச்சையிலைச் செடிகள் கருகும். அந்த வாசலுக்குப் பொருத்தமான செடி இதுதான். ஜார்ஜ்டவுன், ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்கள் காலை வெயில் விழும் பால்கனியில் வைக்கலாம். கம்பியின் மேல் தொட்டியை ஏற்றி வைக்காமல் தரையில் வையுங்கள். கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

கொம்பு வெட்டி நடுவதே எளிது. இளம் நுனி அழுகிவிடும், அடிமரம் வேர் பிடிக்கச் சுணங்கும். இரண்டுக்கும் நடுவே, பச்சை மாறிப் பழுப்புத் தொடங்கும் இடத்தில் ஒரு சாண் அளவுக்குக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டுங்கள். அடியிலுள்ள இலைகளைக் களைந்து, மொட்டு இருந்தால் அதையும் கிள்ளிவிடுங்கள். பூக்கிற ஆசையில் கொம்பு வேர் விடுவதை மறந்துவிடும். மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி கலந்து, கணு ஒன்றாவது மண்ணுக்குள் போகும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். புதிய துளிர் வந்து, மெதுவாக இழுத்துப் பார்க்கும்போது கொம்பு மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேர் விட்டுவிட்டது. அப்புறம் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள்.

நம் செபராங் பிறையில் பல இடங்களில் களிமண். கடலோரத் தாழ்நிலம், நாலு மழை பெய்தால் நீர் இறங்காது. வெயிலை எவ்வளவும் தாங்கும் இந்தச் செடி, வேரில் நீர் நின்றால் மட்டும் தாங்காது; அடி இலை மஞ்சளாகி உதிரும், தண்டு கருக்கும். ஆகவே குழி வெட்டி நடாமல் மண்ணை மேடாகக் கட்டி மேட்டின் மேல் நடுங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை வலுக்கும். அதற்கு முன்பே மேட்டைச் சரிசெய்துவிட வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் காற்று காய்ந்து மண் வெடிக்கும்போது, வேர் பிடித்த செடிக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விட்டால் போதும். தொட்டியில் இருப்பதற்குத் தினமும் வேண்டும்.

உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். சத்து மிகுந்தால் இலை கொழிக்கும், பூ குறையும். சமையலறைக் கழிவை மக்கவைத்த எரு ஒரு பிடி போதும். தோட்டத்துப் பக்கம் உறவினர் இருந்தால் செம்பனை ஆலையில் பழம் எடுத்த பிறகு மிஞ்சும் வெற்றுக்குலையில் கொஞ்சம் கேட்டு வாங்கி, வேரைச் சுற்றிப் பரப்புங்கள். ஈரம் காக்கும், புல் முளைக்காது, மெல்ல மக்கி எருவாகவும் ஆகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெட்டுவது. வெட்டாமல் விட்ட செடி அடியில் மொட்டையாகி, உச்சியில் மட்டும் பூத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அழகும் போய், அன்பர் சொன்ன புதராகவும் ஆகிவிடும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். தைரியமாக வெட்டலாம். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டிரண்டு கிளையாகத் துளிர்த்து, முன்பைவிட நிறையப் பூக்கும். சாலையோரம் என்றால் முழங்கால் உயரத்துக்கு மேல் வளரவிடாதீர்கள். வளைவில் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குச் சாலை தெரிய வேண்டும். சில ஆண்டுகளில் அடிமரம் முற்றிவிட்டால், அதன் கொம்பையே நட்டுப் புதிய செடி ஆக்கிக்கொண்டு பழையதை எடுத்துவிடலாம்.

பூஜைக்கு இது உதவாது. காலையில் பறித்துச் சாமிக்கு வைத்தால் உச்சிகாலத்துக்குள் வாடிவிடும். மாலை தொடுக்கவும் முடியாது. அதற்குச் செவ்வந்தி இருக்கிறது. இதைச் செடியிலேயே விட்டுப் பார்ப்பதுதான் முறை.

இனி, செடி வைத்தவர்கள் ஓடிவந்து என்னிடம் முறையிடும் ஒன்று இருக்கிறது: புழு. ஒரு நாள் பார்த்தால் செந்நிறப் புழுக்கள் உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளோடு, கூட்டமாக இலையைத் தின்றுகொண்டிருக்கும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. தின்று முடித்ததும் சுவரிலோ வேலிக் கம்பியிலோ ஏறித் தலைகீழாகத் தொங்கி, வெளிர் நிறக் கூட்டுக்குள் அடங்கும். கூட்டின் மேல் கறுப்புக் கோடும் செம்மஞ்சள் புள்ளியும் ஓவியக்காரர் தீட்டிய ஒழுங்கில் இருக்கும். சில நாளில் செம்மஞ்சள் இறக்கையும் கரும்புள்ளியுமாக வெளியே வரும். வெளியே வந்தது அவசரமே இல்லாமல், தரைக்குச் சற்று மேலே மெதுவாகப் பறக்கும். அதன் உடம்பில் கசப்பு நஞ்சு இருப்பதால் குருவி அதைத் தொடாது. அதனால்தான் அந்த நிதானம்.

இந்த வண்ணத்துப்பூச்சியை ஆங்கிலத்தில் டானி கோஸ்டர் என்கிறார்கள். என் பேத்தி இதைப் பற்றிப் படித்துச் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த பூச்சி அது. 1984இல் தாய்லாந்தில் காணப்பட்டது. 1992இல் லங்காவியில், நம் நாட்டில் முதன்முதலாக. 2006இல் சிங்கப்பூர். 2012இல் ஆஸ்திரேலியாவின் வடகோடிக்கே போய்விட்டது. இவ்வளவு தூரத்தையும் அது கடந்து வந்தபோது வழியெங்கும் அதன் பிள்ளைகளுக்குத் தீனியாக இருந்த செடிகளில் ஒன்று நம் வாசலிலுள்ள இந்த மஞ்சள் பூ. மற்றொன்று, தோட்டத்துப் பிள்ளைகள் வேலியோரம் பறித்துத் தின்னும், வலைபோன்ற பச்சை உறைக்குள் பழம் பழுக்கும் அந்தக் காட்டுக் கொடி. கொடி பேஷன் பழத்தின் இனம். நம் மஞ்சள் பூவையும் இப்போது அதே குடும்பத்தில்தான் தாவர அறிஞர்கள் சேர்த்திருக்கிறார்கள். எந்தப் புத்தகமும் படிக்காத புழுவுக்கு அந்த உறவு முன்பே தெரிந்திருக்கிறது.

புழு தின்ற செடி செத்துப்போகாது. குச்சி மட்டும் மிஞ்சினாலும் கொஞ்ச நாளில் துளிர்த்துவிடும். மனம் கேட்கவில்லை என்றால் இரண்டு மூன்று செடியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அவற்றுக்கு, மற்றவை உங்களுக்கு. மாவுப்பூச்சி வெள்ளையாகப் படிந்தால் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, அந்தக் கிளையை வெட்டிப் போடுங்கள். கத்தரி, பயற்றங்காய் வைத்திருப்பவர்கள் பாத்தியின் ஓரத்தில் இந்தச் செடியை நடலாம். தேன் குடிக்க வரும் குளவி பக்கத்திலேயே புழு தேடும். ஒரு செடி வைத்தாலே எல்லாப் புழுவும் ஓடிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தோட்டத்திலும் வரிசை வரிசையாக வைத்து, பல ஆண்டு காத்திருந்துதான் பலன் கண்டார்கள்.

“இது நம் நாட்டுச் செடியே அல்ல” என்றும் அன்பர் எழுதியிருந்தார். உண்மைதான், இதன் பூர்வீகம் மெக்சிகோவும் மேற்கிந்தியத் தீவுகளும். அதனால் ஒரு கட்டுப்பாட்டை நானும் வலியுறுத்துகிறேன். பினாங்குக் கொடிமலை அடிவாரத்திலோ காட்டு ஓரத்திலோ இதன் கொம்பையும் வெட்டிய கழிவையும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்ட இடம் அது. அங்கே அந்த மலைக்குரிய செடிகளே வளரட்டும். ஆனால் வீட்டு வாசலும் தாமான் சாலையோரமும் காடு அல்ல. அங்கே வளரும் புல்லும் வெளியிலிருந்து வந்தது. செம்பனையே ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டதுதான். வாசலில் வேலை செய்யும் செடியை, வந்த ஊரைக் கேட்டுத் துரத்த வேண்டியதில்லை.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு உண்மையான காரணம் மருந்து. களைக்கொல்லி என்ற சொல்லைக் கடிதத்தில் எழுதுவது எளிது. அதைத் தோளில் சுமந்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்த காலத்தில் தோம்பின் வார் அறுந்து முதுகில் ஒழுகும். கையுறை கிடைத்தாலும் அந்த வெயிலில் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது. என்னோடு வேலை செய்த பெண்களுக்கு நகம் கறுத்துக் கழன்று விழுந்தது. மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடும்போது கை கழுவத் தண்ணீர் எங்கே என்று தேடுவோம். 2002இல் அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006இல் அது தளர்ந்தது. 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத் தடை வந்தது. அதற்குள் எத்தனையோ பேருடைய வேலைக் காலம் முடிந்துவிட்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்றவர்கள் எழுதியும் பேசியும் போராடியிருக்காவிட்டால் இன்னும் தாமதமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

இப்போது சாலையோரத்தில் அடிப்பது வேறு மருந்து என்பார்கள். சரி. அடிப்பவர் யார் என்று பார்த்தீர்களா? எங்கள் தாமானில் புல் வெட்டும் குத்தகைக்காரரின் ஆட்கள், ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் இளம் பிள்ளைகள், முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். அடித்த அன்றே அந்த மண்ணில் பூனை படுக்கிறது, பிள்ளைகள் பந்து எடுக்க இறங்குகிறார்கள். மழை வந்தால் அத்தனையும் கால்வாயில். புல் கருகிய பிறகு மண் பிடிப்பின்றிச் சரிந்து கால்வாயை அடைக்கிறது. அடைத்த கால்வாயில் நீர் தேங்குகிறது. கொசு ஒழிய வேண்டும் என்று கேட்ட அன்பருக்குக் கொசுதான் கிடைக்கும். கருகிய மண்ணில் முதலில் திரும்பி வருவதும் கணுவுக்குக் கணு வேர் விடும் அந்த வெடேலியாதான். நான் நட்டதில் பாதியை இப்படித்தான் போன மழைக்கு முன் கருக்கிவிட்டுப் போனார்கள். கேட்டதற்கு, களை என்று நினைத்தோம் என்றார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. எது களை, எது செடி என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

அதற்குப் பிறகு நானும் பக்கத்து வீட்டு மலாய் அம்மாவும் சேர்ந்து எங்கள் வரிசை முழுக்கச் செடிகளைச் சுற்றிக் கல் அடுக்கி, மூங்கில் குச்சி நட்டு அடையாளம் வைத்திருக்கிறோம். புல் வெட்ட ஆள் வரும் வாரத்தில் நாங்களே முன்கூட்டி முழங்கால் உயரத்துக்கு வெட்டிச் சுத்தமாக வைக்கிறோம். குச்சி நட்ட பிறகு எந்தச் செடியும் கருகவில்லை. அன்பரின் தாமானிலும் இதைச் செய்து பார்க்கலாம். குடியிருப்பாளர் சங்கம் இருந்தால், குத்தகைக்காரரிடம் மருந்தை விட்டுவிட்டு இயந்திரத்தால் மட்டும் வெட்டச் சொல்லி எழுதிக் கேளுங்கள். படர்ந்து கிடக்கும் வெடேலியாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக இறங்கி வேரோடு எடுத்து, கறுப்புப் பையில் கட்டி வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். ஒரு முறையில் தீராது. மழைக்குப் பிறகு மறுபடியும் இறங்க வேண்டியிருக்கும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் ஞாயிறு மலரில் இந்த இரண்டு செடிகளின் படத்தையும் அருகருகே வெளியிடுங்கள். பூவை மட்டும் காட்டினால் இரண்டும் மஞ்சளாகத்தான் தெரியும். ஒன்று தரையில் ஓடுவதும் மற்றது நிமிர்ந்து நிற்பதும் தெரியும்படி, தண்டையும் இலையையும் சேர்த்துக் காட்டுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி எங்கள் பகுதிக் குத்தகைக்காரரின் லோரி ஓட்டுநரிடம் நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
சுங்கை பாக்காப், பினாங்கு